சேற்றிலும் உப்புத்தண்ணீரிலும் ஓடும் சைக்கிளுக்கு எந்த ஹப்?

முத்துப்பேட்டைப் பக்கம் இறால் பண்ணைக்கு வாய்க்கால் கரையோரமாகத் தினமும் 9 கிலோமீட்டர் போய் வருகிறேன், ஐப்பசி பிறந்தால் பின் சக்கரம் கரகரக்க ஆரம்பிக்கிறது, இரண்டு வருடத்தில் இரண்டு ஹப் (சக்கரத்தின் நடுக் குடம்) போய்விட்டது, சீல்டு பேரிங் ஹப் போட்டால் இந்தத் தொல்லை தீருமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி தண்ணீர் புகாத ஹப் எது என்பது போல இருக்கிறது. நீங்கள் கூடவே எழுதியிருக்கும் இரண்டு விஷயங்களைப் படித்தால் எனக்கு வேறு மாதிரி படுகிறது: 21 கியர் வண்டி, கேரியரில் 25 கிலோ தீவன மூட்டை. அதனால் உங்கள் ஊரில் கிடைக்கிற சாமானை வைத்து எந்த ஹப்பை உயிரோடு வைத்திருக்க முடியும் என்பதற்குத்தான் பதில் சொல்லப் போகிறேன். அப்பாவின் சைக்கிள் கடையில் கற்றுக்கொண்டவன் நான். நடுவில் நான்கு வருடம் திருச்சியில் ஒரு பேரிங் கடையில் இருந்தேன். மற்றபடி இருபது வருடத்துக்கு மேல் டெல்டாவில் சேற்றுச் சக்கரங்களோடுதான் பிழைப்பு.

முதலில் சந்தேகமில்லாத ஒன்று. தண்ணீர் புகாத சைக்கிள் ஹப் கிடையாது. சீல்டு என்று பெயர் வைத்திருப்பதால் ஏதோ டப்பாவை ஈயம் வைத்து அடைத்தது போல நினைக்கிறோம். அங்கே இருப்பது ஒரு மெல்லிய ரப்பர் வளையம், அதன் உதடு பேரிங்கின் உள்வளையத்தை லேசாகத் தொட்டுக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். அழுத்தித் தொட்டால் சக்கரம் சுற்றாது, தொடாமல் விட்டால் தண்ணீர் போகும். இரண்டுக்கும் நடுவே ஒரு சமரசம். மழைச் சாரலையும் தூசியையும் அது நன்றாகத் தடுக்கும். ஹப் மூழ்கும் அளவுக்குத் தண்ணீரில் இறக்கினால் தடுக்காது. பண்ணைக் கரையில் வெயிலில் நின்ற வண்டியின் ஹப் 50 டிகிரி வரை சூடேறியிருக்கிறது என்று வையுங்கள். 28 டிகிரித் தண்ணீரில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று ஏறக்குறைய 7 சதவீதம் சுருங்கும். அந்த இடத்தை நிரப்ப வெளியிலிருந்து ஏதாவது வந்தாக வேண்டும், வெளியே இருப்பது சேற்றுத் தண்ணீர். படகு ஏற்றும் டிரெய்லர்களில் இது நன்றாகத் தெரிந்த தொல்லை. சைக்கிளில் இதன் பங்கு எவ்வளவு என்று நான் அளந்ததில்லை. ஆனாலும் வெயிலில் நின்ற வண்டியை நேரே மடையில் இறக்காதீர்கள் என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லத்தான் செய்கிறேன்.

இப்போது தீவன மூட்டைக்கு வருகிறேன், உங்கள் கதையில் பெரிய பங்கு அதற்குத்தான் இருக்கும் என்று சந்தேகப்படுகிறேன். விலை குறைந்த 21 கியர் வண்டிகளில் பெரும்பாலும் பின்னால் இருப்பது மரை போட்டுத் திருகும் ஃப்ரீவீல். ஏழு பற்சக்கரமும் ஒன்றாகச் சேர்ந்த அந்தக் கட்டி ஹப்பின் வலது பக்கத்தில் உட்காரும். அதற்கு இடம் விட்டு, வலது பக்கக் குண்டுகள் ஹப்புக்குள் தள்ளி இருக்கும். அங்கிருந்து ஃபிரேம் வரை மூன்று, நான்கு சென்டிமீட்டர் ஆக்சில் (நடு அச்சு) தாங்கல் இல்லாமல் தொங்குகிறது. மூட்டையோடு ஒரு பள்ளத்தில் இறங்கினால் வளைவது அந்த இடம்தான். ஆக்சில் வளைந்துவிட்டால் அதில் திருகியிருக்கும் கோனும் ஹப்புக்குள் இருக்கும் கப்பும் நேருக்கு நேர் உட்காராது, குண்டுகள் ஓடுவது இவை இரண்டுக்கும் நடுவில்தான். ஒரு பக்கம் இறுக்கம், ஒரு பக்கம் தளர்வு. குண்டுகள் அரைபடும், இடைவெளி வழியாகச் சேறும் சுலபமாகப் போகும். பிரித்துப் பார்க்கிறவர் துருவைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார். அவர் சொல்வது பொய்யில்லை, ஆனால் தண்ணீர் இரண்டாவதாக வந்த ஆள்.

இதைக் கண்டுபிடிக்க மெக்கானிக் வேண்டாம். சக்கரத்தைக் கழற்றி ஆக்சிலின் முனையை இரண்டு விரலால் பிடித்து மெதுவாகச் சுற்றுங்கள். சுற்று முழுக்க ஒரே மாதிரி கரகரத்தால் மண்ணும் துருவும். ஒரு சுற்றில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் இறுகி, பிறகு தளர்ந்தால் ஆக்சில் வளைந்திருக்கிறது. உறுதி செய்ய ஆக்சிலை வெளியே எடுத்து ஒரு கண்ணாடி மேல் உருட்டினால் போதும். வளைந்ததைத் தட்டி நிமிர்த்துகிற கடைக்காரர்கள் உண்டு, நானே அந்தக் காலத்தில் செய்திருக்கிறேன். நிமிர்த்திய ஆக்சில் அதே இடத்தில் திரும்ப வளையும், இல்லாவிட்டால் ஒடியும். புதிது போடுவதுதான் சரி.

ஆக்சில் வளைந்திருந்தால், நீங்கள் வாங்க வேண்டிய ஹப்பைத் தீர்மானிப்பது பேரிங் வகை இல்லை. கேசட் (திருகாமல் செருகி மாட்டும் பற்சக்கரக் கட்டு) மாட்டும் ஹப் வாங்க வேண்டும். அதில் ஃப்ரீவீலின் வேலையைச் செய்யும் பாகம் ஹப்போடு சேர்ந்தே இருக்கும், ஃப்ரீஹப் என்பார்கள். பெரும்பாலான ஃப்ரீஹப்களில் வலது பக்கப் பேரிங் ஃபிரேமுக்கு நெருக்கமாக, வெளி ஓரத்தில் உட்காரும். மூட்டைக்கு அதுதான் தாங்கும். கையில் இருக்கும் ஏழு கியர் ஷிஃப்டரை மாற்றத் தேவையில்லை. ஏழு பற்சக்கரக் கேசட்டோடு 4.5 மில்லிமீட்டர் வளையம் ஒன்று சேர்த்தால் 8, 9 கியர் ஃப்ரீஹப்பில் கச்சிதமாக உட்காரும். மறக்காமல் பார்க்க வேண்டியவை: ரிம்மில் 36 ஓட்டை என்றால் ஹப்பிலும் 36 இருக்க வேண்டும், உங்கள் வண்டிக்கு அகலம் பெரும்பாலும் 135 மில்லிமீட்டர், டிஸ்க் பிரேக் தட்டு ஆறு போல்ட்டில் மாட்டுவதா இல்லையா. ஹப் மாறினால் கம்பி நீளமும் மாறலாம், சக்கரத்தை முழுதாகப் பின்னிக் கோட்டம் எடுக்க வேண்டும். கூலியையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நீங்கள் கேட்ட கப்-கோனா, சீல்டா என்பது. கப்-கோன் ஹப்பில் குண்டுகள் உதிரியாகக் கிடக்கும். பின் ஹப்பில் பக்கத்துக்கு ஒன்பது கால் அங்குலக் குண்டு, முன் ஹப்பில் பக்கத்துக்குப் பத்து 3/16 அங்குலக் குண்டு, பெரும்பாலான வண்டிகளில் இதுதான் கணக்கு. இரண்டு ஸ்பேனர் இருந்தால் வீட்டுத் திண்ணையில் பிரித்துவிடலாம். குண்டும் கோனும் எந்தக் கிராமத்துச் சைக்கிள் கடையிலும் உண்டு. இதன் பலவீனம் கப். கோன் சுற்றுவதில்லை, அதனால் பாரம் விழும் அடிப்பக்கத்தில் முதலில் குழி விழுவது கோனில்தான், அதை மாற்றிவிடலாம். குழி விழுந்த கோனோடு ஓட்டிக்கொண்டே இருந்தால் உதிரும் இரும்புத்தூள் கப்பையும் தின்றுவிடும். பழைய இரும்பு ஹப்புகளுக்குக் கப் தனியாக வாங்கித் தட்டி இறக்கலாம். அலுமினிய ஹப்பில் கப் போனால் பெரும்பாலும் ஹப்பே போன மாதிரி. உங்களுடைய இரண்டு ஹப்பும் இப்படித்தான் போயிருக்கும்.

சீல்டு பேரிங்கில் அந்தக் கவலை இல்லை. பேரிங் போனால் பேரிங்கை மட்டும் மாற்றலாம். ஆனால் ஹப்பை வாங்கும் முன் அதற்குள் என்ன நம்பர் இருக்கிறது என்று கேளுங்கள், ஹப் வாங்குவதில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். 6000 என்றால் உள்துளை 10 மில்லிமீட்டர், 6001 என்றால் 12. சின்ன மோட்டார்களிலும் இவை ஓடுவதால் மோட்டார் காயில் கட்டுகிறவர்களுக்குப் பேரிங் விற்கும் எந்தக் கடையிலும் கிடைக்கும். 6902, 6802 இரண்டும் 15 மில்லிமீட்டர் துளைக்கு, மெல்லிசு. நல்ல சைக்கிள் ஹப்புகளில் இவைதான் இருக்கும், ஆனால் மன்னார்குடியிலோ பட்டுக்கோட்டையிலோ கடை கடையாக ஏற வேண்டியிருக்கும். கூடுதல் செட் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் பிழைத்தீர்கள். நம்பருக்குப் பின்னால் 2ஆர்எஸ் என்று இருந்தால் இரண்டு பக்கமும் ரப்பர். இசட்இசட் என்று இருந்தால் இரண்டு பக்கமும் தகடு, அது உள்வளையத்தைத் தொடவே தொடாது, தூசிக்கு மட்டும்தான். சேற்றுக்கு 2ஆர்எஸ் தவிர வேறு எதையும் வாங்காதீர்கள். விலை குறைவு என்று இசட்இசட் எடுத்துக் கொடுப்பார்கள்.

இந்த ஹப்பின் தொல்லை மாற்றும் வேலையில் இருக்கிறது. சுத்தியலால் உள்வளையத்தில் அடித்து ஏற்றினால் புதுப் பேரிங் அங்கேயே பாதி செத்துவிடும், அடி முழுவதும் குண்டு வழியாகத்தான் போகிறது. வெளிவளையத்தில் மட்டும் அழுத்தம் விழும்படி, ஒரு நீளப் போல்ட்டும் பெரிய வாஷர்களும் வைத்து முறுக்கி ஏற்ற வேண்டும். பழைய பேரிங்கையே அணையாக வைத்துக்கொள்ளலாம். இதைப் பொறுமையாகச் செய்யும் மெக்கானிக் உங்கள் பக்கத்தில் இருக்கிறாரா? இருந்தால் சீல்டு கேசட் ஹப் வாங்குங்கள். இல்லையென்றால் கப்-கோன் கேசட் ஹப். என் தீர்ப்பு இவ்வளவுதான், மேலைநாட்டுச் சைக்கிள்காரர்கள் பல வருடமாகச் சண்டை போட்டும் முடியாத விஷயம் இது. பீங்கான் குண்டு போட்ட பேரிங் என்று யாராவது ஆசை காட்டினால் கேட்காதீர்கள். குண்டு துருப்பிடிக்காதுதான், அது ஓடுகிற வளையம் இரும்பாயிற்றே.

எந்த ஹப்பானாலும் மழைக்காலத்தில் பிரித்தே ஆக வேண்டும். எங்கள் கடைகளில் ஓவராயில் என்று சொல்லும் வேலையில் இதுதான் முக்கியம். திறந்ததும் துடைக்காமல் முதலில் கிரீஸைப் பாருங்கள். மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, இன்னும் சேதம் இல்லை, சரியான நேரத்தில் வந்திருக்கிறீர்கள். செங்கல் நிறம் துரு. கறுத்து, வெயிலில் பிடித்தால் பொடிப்பொடியாக மின்னினால் அது இரும்புத்தூள், கோனோ கப்போ தேய்ந்துகொண்டிருக்கிறது. பிறகு மண்ணெண்ணெயிலோ டீசலிலோ கழுவி நன்றாக உலர விட்டு, கோனின் பாதையில் ஒரு பால்பாயின்ட் பேனா முனையை ஓட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத குழியும் முனையில் தட்டும். தட்டினால் கோன் போனது, எந்தக் கிரீஸும் குழியை மூடாது. குண்டுகளை ஒவ்வொரு முறையும் மொத்தமாக மாற்றிவிடுங்கள், மலிவான சாமான். பழையதில் நாலு நல்லது பொறுக்கி, புதிதில் ஐந்து சேர்த்துப் போடாதீர்கள். நூலளவு வித்தியாசம் இருந்தாலும் பெரிய குண்டு மட்டும் பாரம் சுமக்கும். கப்பில் இன்னொரு குண்டுக்கு இடம் இருப்பது போலத் தெரியும், அதை நிரப்பக் கூடாது.

கிரீஸை எவ்வளவு வைப்பது என்பதில் கடைக்காரர்களே கஞ்சத்தனம் பண்ணுவார்கள். கம்பெனியிலிருந்து வரும் பேரிங்கில் உள்ளே இருக்கும் காலி இடத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் கிரீஸ் இருக்கும். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றும் மோட்டாருக்காகச் செய்த கணக்கு அது, அங்கே நிறைய வைத்தால் கிரீஸ் கடைந்து சூடேறும். மணிக்கு 20 கிலோமீட்டரில் போகும் சைக்கிள் சக்கரம் நிமிடத்துக்கு 160 சுற்றுதான் சுற்றுகிறது. சூடேற வழியே இல்லை. ஆகவே பிதுங்கும் அளவுக்கு வையுங்கள். கிரீஸ் இருக்கிற இடத்தில் தண்ணீர் இருக்க முடியாது. சீல்டு பேரிங்கிலும் மெல்லிய பிளேடு முனையால் ரப்பரை மடங்காமல் நிமிண்டி எடுத்து, உள்ளே நிறைத்து, திரும்ப அழுத்திவிடலாம், புதுப் பேரிங்காக இருந்தாலும் நான் இதைச் செய்துவிட்டுத்தான் ஏற்றுகிறேன். வெளியே பிதுங்கிய கிரீஸைத் துடைத்துவிடுங்கள், டிஸ்க்கில் பட்டால் பிரேக் பிடிக்காது. எந்தக் கிரீஸ் என்றால், லாரிக்கடையில் கிடைக்கும் லித்தியம் வீல் பேரிங் கிரீஸ் சாதாரண மழைக்குப் போதும். உங்களுக்கு உப்புத்தண்ணீர் இருப்பதால் படகு சாமான் விற்கிற இடத்தில் மெரைன் கிரீஸ் கிடைத்தால் அதை எடுங்கள். எந்தப் பிராண்ட் அதிக நாள் தாங்கும் என்பதில் எனக்கு உறுதியான அபிப்பிராயம் இல்லை, வண்டிக்கு வண்டி மாறுகிறது. நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், அது வெறும் சாயம். பழையதன் மேலேயே வேறு வகைக் கிரீஸைப் பூசவும் வேண்டாம், சில வகைகள் சேர்ந்தால் இளகி ஓடிவிடும்.

தேங்காய் எண்ணெய் விடலாமா என்று கேட்காத ஆள் டெல்டாவில் இல்லை. ஹப்பின் நடுவில் ஓட்டையும் அதை மூட ஒரு கிளிப்பும் இருந்த அந்தக் கறுப்பு வண்டிகளில் வாரம் நாலு சொட்டு எண்ணெய் விடுவார்கள். அது இரண்டு பக்கமும் கசிந்து வெளியேறும்போது அழுக்கையும் தள்ளிக்கொண்டு வரும், அந்த ஏற்பாட்டுக்கு அது சரிதான், அங்கேயும் என்ஜின் ஆயில் மேல். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைய ஆரம்பிக்கும், மார்கழி விடியற்காலையில் தலைக்கு வைக்கும்போதே பார்த்திருப்பீர்கள். கிரீஸ் ஹப்பில் எந்த எண்ணெய் விட்டாலும் கிரீஸ் கரைந்து ஓடும். டபிள்யூடி-40 அடிப்பதும் அதே கதைதான்.

கரகரப்பு ஹப்பிலிருந்துதானா என்பதையும் ஒரு முறை பாருங்கள். ஃப்ரீவீலுக்குள்ளும் பொடிக் குண்டுகள் உண்டு, செயின் அள்ளி வரும் சேறு முதலில் விழுவது அதன் மேல்தான். பெடலை மிதிக்காமல் உருட்டும்போது மட்டும் சத்தம் வந்தால் ஃப்ரீவீல். சக்கரத்தைப் படுக்க வைத்து, சுற்றுகிற பாகத்துக்கும் சுற்றாத பாகத்துக்கும் நடுவே உள்ள கோட்டில் மெல்லிய எண்ணெய் விட்டுச் சுழற்றுங்கள், டிஸ்க் பக்கம் வழியாமல். இங்கே கட்டிக் கிரீஸ் வைக்கவே கூடாது. தொழில் கற்ற புதிதில் நல்லது என்று நினைத்து ஒருவருக்கு நிறைய அப்பிவிட்டேன். உள்ளே பற்களில் மாட்டிச் சக்கரத்தை இழுக்கும் பூனைக்கால்கள் என்ற சின்னக் கொக்கிகள் கிரீஸில் ஒட்டிக்கொண்டு பற்களில் விழவில்லை, மறுநாள் காலை பால் கேனோடு போனவர் பெடல் சும்மா சுற்றிச் சுற்றி நடந்தே வந்தார். அப்பா அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்லாததுதான் உறைத்தது.

கழுவுவதில் ஒரே ஒரு கட்டளை: பைக் வாட்டர் சர்வீஸுக்குச் சைக்கிளைக் கொண்டுபோகாதீர்கள். அந்தப் பீச்சலை ஹப்பின் பக்கவாட்டில் பிடித்தால் எந்த ரப்பர் உதடும் தாங்காது, இரண்டு வருடச் சேறு செய்யாததை இரண்டு நிமிடத்தில் செய்துவிடும். வாளித் தண்ணீரில் ஊற விட்டு, பிரஷ்ஷால் தேய்த்து, மேலிருந்து மெதுவாக ஊற்றுங்கள். உப்புத்தண்ணீர் பட்ட அன்றைக்கே நல்ல தண்ணீர் விட வேண்டும், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் துரு காத்திருக்காது. ஹப்பைச் சுற்றிப் பஞ்சுபஞ்சாகக் கலர் வளையம் மாட்டும் வழக்கம் இருந்தது, இன்றும் சிலர் கேட்டு வாங்குகிறார்கள். ஹப்பின் மேனியைப் பளபளப்பாக வைத்திருக்கும். ஈரச் சேற்றையும் பத்திரமாக அங்கேயே பிடித்து வைத்திருக்கும், உங்களுக்கு வேண்டாம். மட்கார்டு நல்லதுதான், ஆனால் உங்கள் ஊர்க் களிமண் அதற்குள் அப்பிச் சக்கரத்தையே நிறுத்திவிடும். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே இரண்டு விரல் போகிற இடைவெளி இருந்தால் மாட்டுங்கள்.

திரும்ப மாட்டும்போது கோனை இறுக்குவதில்தான் பலர் ஹப்பைக் கெடுக்கிறார்கள். லாக் நட்டை முறுக்கும்போது கோனும் கொஞ்சம் நகரும், அதனால் முதல் தடவையில் யாருக்கும் சரியாக வராது. எனக்கும் மூன்றாவது தடவையில்தான் வரும். நட் போட்ட ஆக்சில் என்றால் ஆட்டமும் இல்லாமல் இறுக்கமும் இல்லாமல் நிற்க வேண்டும். குயிக் ரிலீஸ் (நட்டுக்குப் பதில் நெம்புகோலால் இறுக்குவது) என்றால் கையில் வைத்திருக்கும்போது ஒரு பொட்டு ஆட்டம் விட்டு வையுங்கள், நெம்புகோலை மடக்கும்போது ஆக்சில் அழுந்தி அது மறைந்துவிடும். வண்டியில் மாட்டிய பிறகு ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், டக் என்று தட்டக் கூடாது.

எத்தனை நாளுக்கு ஒருமுறை பிரிப்பது? உங்கள் பாதையில் ஐப்பசியிலிருந்து தை வரை ஆறு வாரத்துக்கு ஒருமுறை என்பேன், ஹப் மூழ்கியிருந்தால் அந்த வாரமே. இது என் கைப்பழக்கக் கணக்கு, முதல் முறை திறக்கும்போது கிரீஸ் சுத்தமாக இருந்தால் எட்டு வாரமாக நீட்டிக்கொள்ளுங்கள். சக்கரத்தைக் கையில் எடுத்துப் பார்க்காமல் என்னால் சொல்ல முடியாதது உங்கள் கப்பின் நிலை. அதனால் காசைச் செலவழிக்கும் முன், இந்த ஞாயிற்றுக்கிழமை ஆக்சிலைக் கழற்றிக் கண்ணாடி மேல் உருட்டிப் பார்த்துவிட்டு, நேராக ஓடியதா, தத்தியதா என்று எழுதுங்கள். கூடவே ரிம்மில் எத்தனை ஓட்டை என்றும் எண்ணிவிடுங்கள்.